ஆம்ப்ரோஸ் கடைக்கு ஆப் வந்த கதை

"இதைக் கொஞ்சம் சத்தமா படி, ஆம்ப்ரோஸ்" என்று நோரா ஆன்ட்டி தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

ஆம்ப்ரோஸ் படித்தார். "அன்புள்ள நோரா, உங்களைப் பார்த்து நெடுநாளாயிற்று. உங்களுக்காகப் புதிய மாடல்கள் காத்திருக்கின்றன. இன்றே வாருங்கள்."

வேறு கடையாக இருந்தால் இதில் ஒரு தப்பும் இல்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஆம்ப்ரோஸ் விற்றுக்கொண்டிருந்தது சவப்பெட்டி.

"போன வாரந்தான் செக்கப் போயிட்டு வந்தேன். டாக்டரே ஒண்ணும் சொல்லல. உனக்கு என்னப்பா அவசரம்?"

அவசரம் இருக்கத்தான் செய்தது. ஹென்னூர் பக்கம் புதிதாக ஒரு கம்பெனி கிளம்பி பெட்டி, வண்டி, பூ என்று எல்லாவற்றையும் ஆப்பிலேயே விற்றுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஊரில் சாவு ஒன்றும் குறையவில்லை. ஆம்ப்ரோஸ் கடையில் வியாபாரம் மட்டும் குறைந்தது. கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளாமல் கடை மாடியிலேயே குடியிருப்பவர் அவர். கடை போனால் அவருக்கென்று வேறு எதுவுமில்லை. அதனால்தான் அக்கா மகன் டேரிலிடம் சொல்லி ஓர் ஆப் செய்து வாங்கினார். சர்ச்சைச் சேர்ந்த குடும்பங்களின் விவரம் இருக்கும் பாரிஷ் டைரக்டரியிலிருந்து அத்தனை நம்பரும் அதில் ஏறின.

"நீங்க ஆப்பை டவுன்லோட் பண்ணிட்டா மெசேஜை நீங்களே நிறுத்திக்கலாம் ஆன்ட்டி."

"சவப்பெட்டி ஆப்பா? என் ஃபோன்லயா? அதெல்லாம் வீட்டுக்கு ஆகுமா?"

பாரிஷ் முழுக்க இதே பேச்சுதான். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் டேரிலுக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை.

"பர்சனல் டச் இல்ல மாமா. பர்த்டேக்கு விஷ் பண்ணுவோம்."

அதே பாரிஷைச் சேர்ந்த ஓஸ்வால்டின் எண்பதாவது பிறந்தநாளன்று, அவர் கேக் வெட்டக் கத்தியை எடுத்த நேரத்தில் வாழ்த்து வந்தது. பேத்தி ஆசையாக வாங்கி உரக்கப் படித்தாள். "எண்பது நிறைந்த ஓஸ்வால்டுக்கு வாழ்த்துகள்! இனியும் தள்ளிப்போடாதீர்கள். இன்று மட்டும் இருபது சதவீதம் தள்ளுபடி."

கேக்கை யாரும் தொடவில்லை. ஓஸ்வால்ட் மட்டும், தேக்கு மரத்துக்கும் அந்தத் தள்ளுபடி உண்டா என்று கேட்டாராம்.

"எல்லாருக்கும் அனுப்பறதுதான் தப்பு மாமா" என்றான் டேரில். "தேவை இருக்கறவங்களுக்கு மட்டும் அனுப்பணும்."

கோயிலில் ஞாயிறுதோறும் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது பெயர் வாசிப்பார்களே, அந்தப் பெயர்களை அவன் ஆப்பில் ஏற்றினான். பித்தப்பை ஆபரேஷன் முடிந்து கண் விழித்த ஜோவிதா முதலில் பார்த்தது, "ஜோவிதா, உங்கள் பெட்டி கார்ட்டில் காத்திருக்கிறது" என்பதைத்தான். அவள் கணவர் ஹெர்பர்ட் பாரிஷ் கவுன்சில் செயலாளர். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்து திட்டித் தீர்த்தார்.

"இனிமே இந்தக் கடைப் படியை மிதிச்சேன்னா என்னை ஏன்னு கேளு!"

ஆம்ப்ரோஸ் டேரிலுக்கு ஃபோன் போட்டார். "எல்லாத்தையும் நிறுத்துடா ராஜா."

"நிறுத்திட்டேன் மாமா."

இவன் பேச்சை நம்பி எத்தனை தடவை பட்டாயிற்று! சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். யாருக்காவது பெட்டி ஆர்டர் ஆனால், இறந்தவர் பெயரும் அடக்க நேரமும் பாரிஷ் முழுக்கப் போய்ச் சேரும்படி ஆப்பில் ஒரு வசதி இருந்தது. சும்மா ஓர் ஆர்டர் போட்டார். உயிரோடு இருக்கும் இன்னொருவர் பெயரைப் போட மனம் வரவில்லை. தன் பெயரையே போட்டார். அடக்கம், மாலை நாலு மணி.

அவர் கைப்பேசிக்கு எதுவும் வரவில்லை. நிம்மதியாக அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பித்தளைக் கைப்பிடி வாங்க சிவாஜிநகர் போனார். டேரில் நிறுத்தியது விளம்பர மெசேஜ்களை மட்டும்தான் என்பதோ, கடைக்காரர் நம்பருக்கு மட்டும் மெசேஜ் போகாது என்பதோ அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது கடை வாசலில் பெரிய கூட்டம். கைகளில் மலர்வளையங்கள். தொழில்காரர் அல்லவா, மனசு துள்ளியது. கடைசியில் நின்றவரின் தோளைத் தட்டி, "யாருங்க தவறினது?" என்று கேட்டார்.

திரும்பியவர் ஹெர்பர்ட். கையிலிருந்த மலர்வளையம் கீழே விழுந்தது.

அலறலும் அழுகையும் சிரிப்பும் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நோரா ஆன்ட்டி அவரைக் கிள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். திட்டியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். ஜோவிதாகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்திருந்தாள். ஆம்ப்ரோஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு யாருமே இல்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்ததற்கு வெட்கப்பட்டார்.

"குடும்பம் இல்லாத மனுஷன், நாமதானே எல்லாம் செய்யணும்னு ஓடி வந்தோம்" என்றார் ஹெர்பர்ட், மூக்கைத் துடைத்தபடி. "ஆப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம் ஆம்ப்ரோஸ். எங்க வீட்டுக்கெல்லாம் பெட்டின்னா அது உன் கடைதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நோரா ஆன்ட்டி கொஞ்சம் பலமாகவே ஆட்டினார்.

அப்போது ஹென்னூர் கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்கி, தன் கைப்பேசியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆம்ப்ரோஸ்னு ஒரே ஆளுக்கு நீங்க ஒம்போது பேரு எங்க ஆப்ல தனித்தனியா பெட்டி புக் பண்ணியிருக்கீங்க சார், எல்லாரும் நம்ம ரெகுலர் கஸ்டமருங்கதான். எதை இறக்கட்டும்?"