முள்ளிமுனைத் துறையும் அதற்கேற்ற தண்ணீரும்

தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பார்த்து இறங்குதுறை கட்டுவது விபரமில்லாத பழங்கால மனிதர்களின் வேலை. துறை எவ்வளவு உயரம் என்று பார்த்துத் தண்ணீரை நிறுத்துவதே நவீன பொறியியல். இந்த மகத்தான கண்டுபிடிப்பு நிகழ்ந்தது முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் உப்பங்கழியான களப்புக்கும் நடுவே மணல் துண்டாகக் கிடக்கும் முள்ளிமுனையில். அதில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கொலின்சுக்கும் பங்குண்டு என்பதை அவரது மனைவி பிறின்சி இன்றுவரை மறக்கவில்லை.

முள்ளிமுனைக்குத் தெரு கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் களப்பைக் கடந்து வள்ளத்தில்தான் போகவேண்டும். பழைய துறையின் பலகைகள் உக்கிப்போனதால் 'நவீனமயப்படுத்தல்' திட்டம் வந்தது. வழக்கமாக மாரியில் களப்பு நிரம்பினால், சுவாமியார் செபம் சொல்ல, ஊரே மண்வெட்டியோடு போய் மணல்திட்டை வெட்டிக் கடலுக்கு வாய் திறந்துவிடும். தண்ணீர் வடிந்துவிடும். அளவெடுக்க ஆட்கள் வந்த மாரியில் மட்டும் கொலின்ஸ் வெட்டவிடவில்லை. பெரியவர்கள் வரும் வள்ளம் சேற்றில் தட்டி நின்றால் ஊருக்கு என்ன மரியாதை என்று கேட்டார். முற்றத்தில் தண்ணீர் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே மரியாதை காத்தார்கள்.

பொறியியலாளர் யோகநாதன் தட்டாமல் முட்டாமல் வந்து சேர்ந்தார். ததும்பி நின்ற களப்பைப் பார்த்தார். பழைய துறையின் தூணில் சிவப்புக் கோடு போட்டு அதை 'வழமையான நீர்மட்டம்' என்று அறிவித்தார். பிறகு நண்டுக் கறியோடு சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் ஊர் திட்டை வெட்டியது. கோடு பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. வயிறு நிறையச் சாப்பாடு போட்டுவிட்டு விருந்தாளியிடம் குறை சொல்வது முள்ளிமுனையில் வழக்கமில்லை.

கோடையில் துறை எழுந்தது. மாபிள் தரை, பளபளக்கும் கைப்பிடி, நின்று செல்பி எடுக்க இதய வடிவத்தில் ஒரு சட்டம். எல்லாம் இருந்தன. வள்ளம் மட்டும் ஓர் ஆள் உயரம் கீழே நின்றது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த பிறின்சி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இதில நான் இறங்கினா, எனக்கு முன்னமே பிள்ளை இறங்கும்," என்றாள்.

கொலின்ஸ் அன்றைக்கே அலுவலகத்துக்கு ஓடினார். யோகநாதன் மிகுந்த பரிவோடு கேட்டார். துறையில் ஒரு குறையுமில்லை, தண்ணீர்தான் திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று விளக்கினார். மழை வந்தால் எல்லாம் சரியாகும், அதுவரை வீட்டுக்காரியைக் கவனமாக இறங்கச் சொல்லுங்கள், திறப்பு விழா முடியும்வரை மட்டும் திட்டை வெட்டவேண்டாம் என்றார். கொலின்ஸ் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். பொய்த் தண்ணீரைக் காட்டியவரே அவர்தானே.

மழை வந்தது. தண்ணீர் துறையின் விளிம்பை அழகாகத் தொட்டது. அதே தண்ணீர் கொலின்சின் குசினியையும் தொட்டது. அடுப்பு மேசைக்கு ஏறியது, கோழிகள் அலுமாரிக்கு ஏறின, பிறின்சி கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அலுவலகமோ இதை 'வாசலுக்கே வரும் நீர்வழிச் சேவை' என்று பாராட்டியது.

திறப்பு விழா அன்று காலையிலேயே அவளுக்கு வலி கண்டது. அவளது தம்பி ஜெனோசன் வள்ளத்தைக் குசினி வாசலுக்கே கொண்டுவந்தான். தாய் அற்புதம் கையைப் பிடிக்க, பிறின்சி நிலைப்படியிலிருந்து நேரே வள்ளத்துக்குள் கால் வைத்தாள். கொலின்சும் பின்னால் ஏறிக்கொண்டார். இவ்வளவு வசதி கொழும்பில்கூட இல்லை. வள்ளம் துறையைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் யோகநாதனின் குரல் கேட்டது. திட்டத்தின் பயனை அனுபவித்தபடி ஒரு தாய் மகிழ்ச்சியாகப் பயணம் போகிறார் என்று அவர் அறிவிக்க, அதிதிகள் கைதட்டினார்கள். அந்தத் தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

கொலின்சுக்கு அவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. தன் மேல் அதைவிடக் கூட வந்தது. வள்ளத்தில் எழுந்து நின்று, துறையோரம் நின்ற ஊராட்களைப் பார்த்துச் சொன்னார்:

"மரியாதை குடுத்தது காணும். மண்வெட்டியளை எடுங்கோ."

ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அதிதிகள் கவனிக்கவில்லை. திறப்பு விழாக்களில் ஊர்ச் சனத்தைப் பார்ப்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, மதியச் சாப்பாடு, பிறகு சாப்பாட்டுக்கும் சேர்த்து நன்றியுரை. ஒரு களப்பு வடிவதற்குத் தாராளமாகப் போதுமான பேச்சு அது. முனையின் மறுபக்கம் வெட்டிய வாய்வழியே தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குப் பாய்ந்தது.

பின்னேரம், ஆஸ்பத்திரி விறாந்தையில் கொலின்ஸ் பெண்குஞ்சை ஏந்தி நின்றபோது போன் அடித்தது. துறையின் விளிம்பிலிருந்து யோகநாதன் பேசினார்.

"கொலின்ஸ், வள்ளம் எங்கேயோ கீழ கிடக்குது. நாங்கள் எப்பிடி இறங்கிறது?"

கொலின்ஸ் குழந்தையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"பிறின்சியைக் கவனமா இறங்கச் சொன்ன இடத்திலதான் நிக்கிறியள், சேர். உங்கட வயித்தில பிள்ளையும் இல்லை. குதியுங்கோ."