பெரியவர் என் வாழைத்தோட்டத்தில் இருக்கிறார்

மதிப்பிற்குரிய சம்பந்தி பெயேசா அவர்களுக்கு, பிவிண்டிக் காட்டோரத்திலிருந்து திபெசிக்வா வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் வீட்டம்மாள், பிள்ளை எனோஸ், மாடுகள் எல்லாரும் சுகந்தானே? இங்கே மழைக்குக் குறைவில்லை.

வருகிற சனிக்கிழமை தாங்கள் பரிச மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, கல்யாணம் முடித்து, என் மகள் நின்சீமாவை மருமகளாக அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதை ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டவன்தான் நான். முதல் தடவை பாலம் உடைஞ்சு போச்சு, அடுத்த தடவை பாதிரியாருக்கு மலேரியா. இந்தத் தடவைக் காரணத்தையும் கோபப்படாமல் கேளுங்கள்.

பெரியவர் குடும்பத்தோடு என் வாழைத்தோட்டத்துக்குள் வந்துவிட்டார். உங்கள் மலையில் காடு இல்லை, ஆகவே சொல்கிறேன்: பெரியவர் என்றால் முதுகு வெளுத்த கொரில்லா. பழத்தைத் தொடமாட்டார், கௌரவஸ்தர். மரத்தைச் சாய்த்துத் தண்டை உரித்துத்தான் தின்பார். அதுவும் கல்யாணத்துக்கு வாழைப்பழக் கள்ளு ஊறப்போடவென்று விட்டுவைத்த மரமாகப் பார்த்துச் சாய்த்தார். இவர்களை நோகாமல் காட்டுக்குத் திருப்பி அனுப்ப ஊரில் ஒரு குழு உண்டு, அதில் நான்தான் மூத்தவன், மணியை ஆட்டி நயமாகவே ஓட்டிவிடுவேன். ஆனால் பாருங்கள், எனக்கு ஜலதோஷம். நம்ம சளி அவங்களுக்குத் தொற்றினால் குடும்பமே போய்விடும், அதனால மூக்கு ஒழுகுகிறவன் கிட்டே போகக் கூடாதுன்னு சட்டம். அவரோ என் அடுப்படிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு தும்மல்தான் தும்மினேன். கொரில்லாத் தடம் பார்க்கும் வேலையில் இருக்கிற என் மகள், சீருடையோடு வந்து வாசலைக் காட்டினாள்.

"அப்பா, கிளம்புங்க."

"எங்கடி கிளம்புறது? இது என் வீடுடி."

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுல்ல. சித்தப்பா வீட்டுல போய்ப் படுங்க."

"அவரைக் கிளப்பேன்."

"அவர் தும்மலையே."

ஆக, கட்டின வீட்டைக் கொரில்லாவுக்கு விட்டுட்டு, தம்பி வீட்டு ஆட்டுக்கொட்டகை ஓரமா கிடக்கேன். தினமும் காலையில் சுற்றுலாக்காரர்கள் முகமூடியோடு வந்து, என் அடுப்படிச் சுவரோரம் நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு அம்மாள் கொடியில் காய்ந்த என் கால்சட்டையையும் சேர்த்துப் படம் பிடித்தாளாம். அவர்கள் கட்டுகிற காசில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது, பிரசவ அறை வந்தது, அதனால வாயைத் திறக்க முடியலை. பெரியவர் இருந்தால்தான் நாமும் இருப்போம் என்று ஊர்க்கூட்டத்தில் முழங்கினவனே நான்தான். முழங்கினவன் வீட்டைத் தேடி அவரே வந்துவிட்டார்.

இந்த நிலையில் உங்கள் சனத்தை எங்கே உட்கார வைப்பேன்? முரசு அடித்தால் அவர் மிரளுவார். கள்ளுக்கும் வழியில்லை. சாயங்காலம் வேலை முடிந்து மகள் வருகிறாள், இஞ்சித் தேநீரை வைத்துவிட்டு, "குடிச்சிட்டுத்தான் படுக்கணும்" என்று அதட்டிவிட்டுப் போகிறாள். இவள் அம்மா போன பிறகு என்னை அதட்ட இவள் ஒருத்திதான். இவளும் உங்கள் மலைக்கு வந்துவிட்டால் என்னை வீட்டைவிட்டுத் துரத்தக்கூட இங்கே ஆளில்லை. அது வேறு விஷயம், தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தங்கள் மாடுகள் பெருகட்டும். பிள்ளை எனோஸுக்கு ஆயுசு கூடட்டும், அவசரம் குறையட்டும்.

இப்படிக்கு, தும்மலுடன்,
திபெசிக்வா

பின்குறிப்பு: மாமா, நான் நின்சீமா எழுதுறேன். மோட்டார் சைக்கிள்காரர்கிட்ட சேர்க்கச் சொல்லி அப்பா இதை என்கிட்டயே குடுத்தார். படிச்சிட்டேன், எனக்கும் கொஞ்சம் மூக்கு ஒழுகுச்சு. பெரியவர் திங்கட்கிழமையே காட்டுக்குப் போயிட்டார். ஓட்டிவிட்டதே அப்பாதான், ஜலதோஷம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. கள்ளும் சித்தப்பா வீட்டுல நிறைய இருக்கு, அதுக்குக் காவலாத்தான் அப்பா அங்க படுத்திருக்கார். சனிக்கிழமையே வாங்க. பெரியவரைப் பார்க்க வர்ற சுற்றுலாக்காரங்களுக்குச் சொல்றதையே உங்களுக்கும் சொல்றேன்: வந்ததும் அப்பா கண்ணை நேருக்கு நேரா பார்க்காதீங்க, குரலை உயர்த்தாதீங்க, கொஞ்சம் தள்ளித் தாழ்வா உட்காருங்க. முதல்ல மாரைத் தட்டுவார், ஓடிடாதீங்க. அப்புறம் அவரே பக்கத்துல வந்து உட்காருவார்.