தலையணைக் கடையும் தாங்காதாரும்

தாங்காதார் என்று ஓர் இனம் உண்டு. மனிதர்களில்தான். தேடிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் ஒரு புதுக்கடை திறக்கட்டும், தானாக வந்து நிற்பார்கள். வர்ணம் காயாத பெயர்ப்பலகைக்குக் கீழே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்று, முதல் எழுத்திலிருந்து மூலையில் பொடியாக எழுதியிருக்கும் தொலைபேசி எண் வரை ஒன்று விடாமல் வாசித்து, உள்ளே போய், கூரையில் எத்தனை விளக்கு எரிகிறது என்று மேலே பார்த்து, தரையில் என்ன கல் பதித்திருக்கிறார்கள் என்று கீழே பார்த்து, அலமாரியில் இருப்பதையெல்லாம் எடுத்துத் திருப்பித் தட்டி முகர்ந்து வேறு இடத்தில் வைத்து, கடைக்காரர் ஆசையாக நீட்டுகிற மிட்டாயில் ஒன்றை வாயிலும் ஒன்றைச் சட்டைப்பையிலும் போட்டுக்கொண்டு வெளியே வருவார்கள். வந்து, பக்கத்தில் நிற்பவர் காதில் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள்.

"தாங்காது."

அவ்வளவுதான். இதை யார் கேட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஏன் தாங்காது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் வேலை கெட்டுப்போகும்.

நம் தெருவில் இந்த இனத்துக்கு ஒருவர் இருந்தார். இருந்தார் என்ன, இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தோடு சரி. தெருவுக்கு அவர் தாங்காதார். பெரிய கிடங்கு ஒன்றில் சரக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். வருகிற பெட்டிகளில் நசுங்கியது எது, நனைந்தது எது என்று பார்த்து ஓரமாகத் தள்ளிவைப்பதுதான் உத்தியோகம். உத்தியோகம் முடிந்து பல வருஷமாகிறது. பார்வை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கடை வாசலில் படி இருந்தால், "இத்தனை படி ஏறி எவன் வருவான்?" என்பார். படி இல்லாவிட்டால், "மழை பெஞ்சா தண்ணி நேரா கல்லாப்பெட்டிக்குப் போகும்" என்பார். கடைக்காரர் சிரித்துப் பேசினால் ஆள் ஏமாளி. சிரிக்காவிட்டால், "மூஞ்சியைப் பாருங்க, பொருள் வாங்க வந்தோமா, வாக்குமூலம் கொடுக்க வந்தோமா?" இப்படி இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டால் பாவம், கடை எந்த வழியாகப் பிழைக்கும்? பல கடைகள் பிழைக்கவில்லை. பிழைத்த கடைகளைப் பற்றி அவர் பேசுவதில்லை. அந்தக் கடைகள் இருக்கும் பக்கம் திரும்புவதுகூட இல்லை.

ஆனால் இவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று நினைத்துவிடாதீர்கள். இவருக்கு ஒரு கொள்கை இருந்தது. உயிரோடிருக்கும் கடையில் எதையும் வாங்கக் கூடாது என்பதே அந்தக் கொள்கை. கடை திறக்கும்போது போய் எல்லாவற்றையும் பார்த்து, தனக்கு வேண்டியதை மனதில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பிறகு பொறுமை. என்றைக்காவது அந்தக் கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'கடை காலி, எல்லாம் பாதி விலை' என்று ஒட்டுவார்கள் அல்லவா? அன்று காலையில், கதவு பாதி தூக்கியிருக்கும்போதே குனிந்து உள்ளே நுழைகிற முதல் தலை நம்மவருடையது.

அவர் வீட்டுக்குள் போனால் இது விளங்கும். அங்கே உள்ள சாமான்களில் ஒன்றுகூட வாழும் கடையில் வாங்கியதில்லை. கூடத்தில் தொங்கும் திரைச்சீலைகள் சன்னலுக்கு ஒரு நிறம். கோப்பைகள் உண்டு, தட்டுகள் உண்டு, ஒன்றுக்கொன்று உறவில்லை. அவர் மனைவி எத்தனையோ வருடமாகக் காலைவிட ஓர் அளவு பெரிய செருப்பில்தான் நடக்கிறார். மூடுகிற கடையில் அந்த அளவுதான் மிஞ்சியிருந்தது. "விழுந்து வைக்கப் போறேன்" என்று அந்த அம்மாள் சொன்னால், "பஞ்சு வெச்சுக்கோ" என்பார். பஞ்சும் ஒரு காலியான மருந்துக்கடையில் வாங்கியதுதான்.

தெருவில் அவருடைய அரசவை சலூன். முடி வெட்டிக்கொள்வது எப்போதாவதுதான், உட்கார்ந்திருப்பது தினமும். அங்கே சுழல் நாற்காலியில் கழுத்தில் துணியோடு சிக்கிக்கொண்டவர்கள் எழுந்து ஓட முடியாதல்லவா? அவர்களுக்குத்தான் உபதேசம். "அவசரப்படாதீங்க. இன்னைக்கு வாங்குறவன் கடைக்காரனுக்காக வாங்குறான். பொறுத்து வாங்குறவன்தான் தனக்காக வாங்குறான்." கேட்டவர்கள் தலையை ஆட்ட முடியாத நிலையில் இருந்தாலும், வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்கள். மனைவி தங்கையிடம் சொன்னாள். நாளடைவில் தெருவே இந்தக் கொள்கைக்கு மாறிவிட்டது. புதுக்கடை திறந்தால் கூட்டம் திருவிழாவாக வரும். பார்க்கும், தொடும், போட்டுப் பார்க்கும், "அப்புறம் வரோம்" என்று சொல்லிவிட்டுப் போகும். கடைக்காரர் தெருவைப் பார்த்துக் காத்திருப்பார். தெரு கடைக்காரரைப் பார்த்துக் காத்திருக்கும். வாடகை மட்டும் கடைக்காரர் தலையில்.

இப்படி இருக்கையில், கடிகாரக் கடை காலியான முனையில் கண்ணாடிக்கு உள்பக்கமாகக் காகிதம் ஒட்டி ஏதோ வேலை நடந்தது. ஒருநாள் பலகையும் ஏறியது. தலையணைக் கடை. தலையணை மட்டும். தாங்காதாருக்கு அன்று வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேராகச் சலூனுக்கு வந்தார்.

"பாத்தீங்களா? தலையணைக்குன்னு தனியா ஒரு கடையாம்."

சலூன்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. "ஆமா சார், பாத்தேன். புதுசா இருக்கே."

"ஒரு ஆளுக்கு எத்தனை தலை?"

"ஒண்ணு சார்."

"உங்க வீட்டுத் தலையணை எப்ப வாங்கினது?"

"என் கல்யாணத்துக்கு."

"அப்புறம் என்ன? அடுத்தது வாங்க நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணணும்."

நாற்காலியில் இருந்தவர் சிரித்துக் காதருகே சின்னக் கீறல் வாங்கிக்கொண்டார். தாங்காதாருக்கு இது போதவில்லை. வேறு எந்தக் கடைக்கும் இல்லாத உற்சாகத்தோடு வீடு வீடாகப் போனார். மாடி வீட்டு டீச்சருக்கு வெகுநாளாகக் கழுத்து வலி. தலையணையை மாற்றச் சொல்லி மருத்துவர் சொல்லியிருந்தார்; கடை திறந்ததும் முதல் ஆளாக வாங்கிவிடுவதாக இருந்தார் அந்த அம்மாள். இவர் விடுவாரா?

"கழுத்து எங்க டீச்சர் ஓடிடப் போகுது? கொஞ்சம் பொறுங்க. அடுத்த மழைக்குள்ள பாதி விலை. நான் சொல்லி எது தப்பியிருக்கு?"

எதுவும் தப்பியதில்லை என்று டீச்சரும் ஒப்புக்கொண்டார்.

திறப்பு நாள் வந்தது. நம்மவர் பலகையை வாசித்தார், விளக்குகளை எண்ணினார், தரையைப் பார்த்தார். ஒரு கை மிட்டாய்த் தட்டை நீட்டியது. வழக்கப்படி இரண்டு எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், தட்டைப் பிடித்திருப்பது அவர் மனைவி. அந்த அம்மாளுக்குப் பின்னால், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது அவர் பெற்ற ஒரே மகள்.

"வாங்கப்பா."

"நீ எங்க இங்க?"

"என் கடைப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லியிருந்தா நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்க."

வாயில் மிட்டாய் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மகள் வெளியூரில் ஒரு பெரிய கடையில் படுக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த இடத்துக்கு அப்போதே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள், திரும்பிப் போக வழியில்லை. கடைக்கு வேறு தெருக்களும் பார்த்தாளாம். வளர்ந்த தெருவாயிற்றே, தெரிந்த முகங்களாயிற்றே, கைவிட மாட்டார்கள் என்று இதையே எடுத்தாளாம். இதை அவள் சொல்லச் சொல்ல, கைவிடச் சொல்லி வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்த மனிதர் சட்டைப்பையில் போட்ட மிட்டாயை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

கடையோ, சும்மா சொல்லக் கூடாது, நல்ல கடை. அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல அவள் அளவெடுத்துத் தலையணை செய்தாள். வந்தவரை ஓரத்தில் இருந்த கட்டிலில் படுக்கச் சொல்வாள். மல்லாந்து தூங்குவீர்களா, ஒருக்களித்தா என்று கேட்பாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கைவிரலால் அளந்து, அதற்குத் தக்கபடி பஞ்சைக் கூட்டியும் குறைத்தும் அடைப்பாள். அப்பாவையும் படுக்க வைத்தாள். "பஞ்சு கொஞ்சம் ஈரமோ?" என்று ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தை வருவதற்குள் குறட்டை விட்டார். திறப்பு விழாக் கூட்டத்துக்கு நடுவே, வாயைப் பிளந்துகொண்டு, நிம்மதியாக. சொந்த வீட்டில் அப்படித் தூங்கி எத்தனையோ காலமாயிற்று.

எழுந்தபோது அவருக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு நேராகச் சலூனுக்குப் போய், வாழ்நாளில் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

"தாங்கும்."

சலூன்காரர் அன்றுதான் கத்தரியை நிறுத்தினார். பிறகு அன்பாகச் சொன்னார். "பெத்த பாசம் சார். அப்படித்தான் சொல்லத் தோணும். ஆனா யார் கடைன்னு தெரியாம மொதல்ல சொன்னீங்க பாருங்க, அதுதான் நடுநிலை."

"அய்யோ, நான் படுத்துப் பாத்தேன். அருமையான தலையணை."

"அதான் நாங்களும் ஆசையாக் காத்திருக்கோம்."

வீடு வீடாக மறுபடி போனார். போன வீட்டிலெல்லாம் காபி கிடைத்தது, ஆறுதல் கிடைத்தது, வாடிக்கை கிடைக்கவில்லை. மனிதர் தன் கொள்கையை அத்தனை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். டீச்சர் ஒருவர்தான் மனம் இளகிக் கடைக்கு வந்தார். கட்டிலில் படுத்தார். மகள் பஞ்சைக் கூட்டினாள், குறைத்தாள், கழுத்துக்கு ஒரு மடிப்பு வைத்தாள். டீச்சர் கண் கலங்கிவிட்டார்.

"கண்ணு, இத்தனை வருஷத்துல கழுத்து இப்படி லேசா இருந்ததே இல்லடி. தங்கமான கை உனக்கு. இதை யாருக்கும் கொடுத்துடாத, எனக்குன்னு எடுத்து வை. காலி பண்றப்போ கண்டிப்பா வந்து வாங்கிக்கிறேன்."

அன்று மாலை மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, ஊரையெல்லாம் வாங்கச் சொல்றீங்களே, நீங்க ஒண்ணு வாங்கினீங்களா?"

நியாயமான கேள்வி. மறுநாள் வாங்கிவிடுவதென்றே போனார். ஒன்றை எடுத்தார், அமுக்கிப் பார்த்தார், விலைச்சீட்டைத் திருப்பினார். கை சட்டைப்பைக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை. முழு விலை! பழகாத உடம்பு என்ன செய்யும்? "நம்ம கடைதானே, எங்க போயிடப் போகுது" என்று சொல்லி வைத்துவிட்டு வந்துவிட்டார். மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மழைக்காலம் வந்தது. கண்ணாடியில் சிவப்பு எழுத்தும் வந்தது.

அன்றைய வரிசை முனையைத் தாண்டிச் சலூனையும் தாண்டிப் போயிற்று. மகளாலும் அம்மாவாலும் சமாளிக்க முடியவில்லை. தாங்காதார் மேசைக்குப் பின்னால் நின்று தலையணைகளைக் கட்டிக்கொடுத்தார். காலி விற்பனைகளில் எத்தனையோ முறை நின்றிருக்கிறார், ஆனால் மேசையின் இந்தப் பக்கம் இதுதான் முதல் தடவை. இங்கிருந்து பார்த்தால் வரிசையில் இருப்பவர்களின் முகம் நன்றாகத் தெரிகிறது. எல்லா முகத்திலும் சிரிப்பு. ஒருவருக்கும் மகள்மேல் கோபமில்லை, வருத்தமும் இல்லை; இருந்ததெல்லாம் சீக்கிரம் எடுக்காவிட்டால் தீர்ந்துவிடுமோ என்ற கவலைதான். இத்தனை கடைகளில், இத்தனை பேர் கண் முன்னால், நாமும் இப்படித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோமா என்று நினைத்துப் பார்த்தார். கூசியது.

டீச்சர் தன் தலையணையைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு போனார். சலூன்காரர் குடும்பத்துக்கே வாங்கினார். கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க சொன்னா சொன்னதுதான் சார்!" என்றார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார்.

கூட்டம் போன பிறகு அலமாரியில் ஒன்று மிஞ்சியிருந்தது. தாங்காதார் அதை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வாடிக்கையாளர் பக்கம் வந்து நின்றார்.

"இது எனக்கு வேணும்மா. எவ்வளவு?"

மகள் விலைச்சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"பாதி விலைன்னு ஒட்டியிருக்கியே?"

"அது ஊருக்குப்பா. உங்களுக்கு முழு விலை."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து கை வெளியே வந்தது, எண்ணி வைத்தார். அவள் எண்ணி வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தாள். அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

இப்போது அந்த முனையில் வேறு யாரோ காகிதம் ஒட்டி வேலை பார்க்கிறார்கள். தாங்காதார் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சலூனில் கேட்டாலும் வாய் திறப்பதில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. என்ன கடை என்று தெரிவதற்கு முன்பே சலூன்காரர் சொல்லிவிட்டார், டீச்சர் ஆமோதித்துவிட்டார். இனி அவர் தேவையில்லை, தெருவே பார்த்துக்கொள்ளும்.

உச்சுக் கொட்டுகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அது இருக்கட்டும், போன வாரம் உங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பெண் புதிதாகக் கடை திறந்தாளே; உள்ளே போய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு, அப்புறம் வரேன்" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தீர்களே? எப்போது போகிறீர்கள்?