முப்பத்தேழு முடி மீசை

தபால்காரர் பதினோராவது முறையாகக் கிணற்றில் விழுந்தார்.

பையோடும் தொப்பியோடும் ஒரு சுற்றுச் சுற்றி, கையை விரித்து, கண்ணை உருட்டிவிட்டுத் திரைக்கு அடியில் மறைந்தார். அவரை விழவைத்தவன் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அலுவலகத்தில் அவனுக்குத் தவளை என்று பெயர். குதிப்பதைத் தவிர அங்கே அவனுக்கு வேறு வேலை கிடையாது. குதிப்பது தபால்காரர், குதிக்கவைப்பது அவன்.

'தாவும் தபால்' முப்பது வருஷத்துக்கு முந்தைய வீடியோ கேம். ஒரு தபால்காரர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருப்பார். வழியில் கிணறு வரும், கூரை வரும், நாய் வரும். எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கலங்கரை விளக்கத்தில் ஒரு கடிதத்தைக் கொடுத்தால் ஆட்டம் முடிந்தது. இவ்வளவையும் ஒரே ஒரு பெண் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தார். அதற்குத்தான் இப்போது புது உடம்பு தைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஓடுவது பழைய புரோகிராம், மேலே போர்த்தியது புதுப் படம்.

எழுதிய அம்மாள் அனுமதி கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "படத்தை எப்படி வேணும்னாலும் மாத்திக்குங்க. அந்தக் குதிப்பு மட்டும் என்னோடதா இருக்கணும். வெள்ளிக்கிழமை வந்து ஆடிப் பாப்பேன். என் கட்டைவிரலுக்குத் தெரியும்."

கட்டைவிரல் இல்லை என்று சொல்லிவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் குப்பைத்தொட்டிக்குப் போகும். அன்று திங்கள்கிழமை.

தபால்காரர் ஏன் விழுகிறார் என்பது தவளைக்குத் தெரியாமல் இல்லை. பழைய ஆட்டத்தில் அவர் மீசை மூன்று கறுப்புப் புள்ளி. புது ஆட்டத்தில் நாலாயிரம் முடி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் ஆடும், வியர்த்தால் ஒட்டும், நாய் குரைத்தால் சிலிர்க்கும். அவர் குதிக்கிற நேரத்தில் நாலாயிரமும் ஒன்றாக எழும்பும். அந்தப் பாரத்தில் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். பொத்தானை அமுக்கியது அதற்குக் கண்ணிமைக்கிற நேரம் தாமதமாகத்தான் உறைக்கும். அதற்குள் தபால்காரர் கிணற்றில் காலை வைத்திருப்பார்.

மீசையை எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த மீசையை இரண்டு வருஷம் உட்கார்ந்து வரைந்தவள் இவனுக்கு முதுகு காட்டி அடுத்த மேசையில் இருந்தாள். சாயங்காலம் இவனோடு ஒரே வீட்டுக்குப் போகிறவள். தாலி கட்டியவனுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"என்னங்க, விழுறாரா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"சின்ன விஷயம்தான். இப்ப சரி பண்ணிடுறேன்."

"மீசை எப்படி இருக்கு?"

"உயிரோட இருக்கு" என்றான் தவளை. பொய் சொல்லவில்லை.

பழைய புரோகிராமைத் திறந்தான். குதிப்பின் வேகம் முப்பத்தேழு என்று இருந்தது. முப்பத்தெட்டாக்கினான். தபால்காரர் கிணற்றை அழகாகத் தாண்டினார். தாண்டி இறங்கிய இடத்தில் நாய் கவ்வியது.

மூன்று முறை கவ்விய பிறகுதான் கவனித்தான். நாயும் வேகமாகிவிட்டது. குதிப்புக்கும் நாய்க்கும் ஒரே எண்ணைத்தான் அந்த அம்மாள் கொடுத்திருந்தார். சரி, நாயை மட்டும் தனியாகப் பிரித்துக் கட்டிப்போடலாம் என்று கட்டினான். பாட்டு தறிகெட்டு ஓடியது. பாட்டின் தாளமும் அதே எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பாட்டைப் பிரித்தான். பாட்டு அடங்கியது, தபால்காரரின் தலை மேகத்தில் இடித்தது. மேகத்தை இரண்டு விரற்கடை உயர்த்தினான். தெருவோரப் புதரெல்லாம் வேரோடு எழும்பி அந்தரத்தில் நின்றது.

தவளை திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் ஆடியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் இருநூறு பேர் சேர்ந்து ஒரு மீசைக்கு வழி சொல்ல முடியாமல் விழிக்கிறோம், இந்த அம்மாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஊரையே கட்டியிருக்கிறாரே என்று மலைத்துப் போனான்.

புதன்கிழமை வேலையை விட்டுவிட்டு அந்தப் புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். படிக்கப் படிக்க முதுகு நிமிர்ந்தது. கிணற்றின் அகலம் முப்பத்து மூன்று. கூரையின் உயரம் எழுபத்து மூன்று. நாய்கள் ஏழு. உயிர்கள் மூன்று. கலங்கரை விளக்கத்துக்குப் படிகள் முந்நூற்று எழுபத்து மூன்று. எங்கே தொட்டாலும் மூன்று அல்லது ஏழு. அந்த இரண்டு இலக்கத்தைத் தவிர ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது.

நேரே முதலாளியின் அறைக்குப் போனான்.

"சார், இது சும்மா எழுதின புரோகிராம் இல்ல."

"என்னப்பா தவளை, குதிக்குதா இல்லையா?"

"குதிக்கிறது இருக்கட்டும் சார். இதைப் பாருங்க. முழுக்க மூணும் ஏழும். இதுல எந்த ஒண்ணைத் தொட்டாலும் மொத்தமும் ஆடுது. ஒரு எண்ணை மாத்தினா நாய் கடிக்குது, புதர் பறக்குது."

முதலாளி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வழக்கமாக அடுத்த மாடிக்குக் கேட்கும் அவர் குரல் அன்று முதல் முறையாகத் தணிந்து வந்தது.

"முப்பத்தேழைத் திருப்பிப் போட்டா எழுபத்து மூணு."

"ஆமா சார்."

"ரெண்டுமே எதாலயும் வகுபடாது."

"ஆமா சார்."

"நாமெல்லாம் என்னத்தைப் படிச்சோம், என்னத்தைக் கிழிச்சோம்" என்றார் முதலாளி.

பிறகு உத்தரவு பறந்தது. புது ஆட்டத்தில் எதை எண்ணினாலும் மூன்றும் ஏழுமாகவே இருக்க வேண்டும். தெருவிளக்கு முப்பத்தேழு, கடல் அலை எழுபத்து மூன்று. மாலைக் கூட்டமே மூன்று மணி முப்பத்தேழு நிமிஷத்துக்குத்தான் தொடங்கும்.

அந்த நேரத்தில்தான் தவளைக்கு ஒரு குறுக்குப் புத்தி உதித்தது. அது மரியாதையிலிருந்து வந்ததா பயத்திலிருந்து வந்ததா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. மனைவியின் மேசைக்குப் போய் நின்றான்.

"மீசையில நாலாயிரம் முடி இருக்கு இல்ல?"

"ஆமா. ஏன்?"

"நாலும் பூஜ்யமும் இங்க ஒத்து வராது. மூவாயிரத்து எழுநூத்து எழுபத்து மூணா ஆக்கணும்."

அவள் நாற்காலியோடு திரும்பினாள். "யார் சொன்னது?"

"எண் சொல்லுது."

"எந்த இருநூத்தி இருபத்தேழு முடியைப் புடுங்கணும்னு எண் சொல்லுச்சா?"

"அது உன் இஷ்டம்."

அவள் பிடுங்கினாள். ஒவ்வொன்றாக எண்ணிப் பிடுங்கினாள். தவளை எல்லா எண்ணையும் பழையபடி முப்பத்தேழுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடவிட்டான். தபால்காரர் கிணற்றில் விழுந்தார்.

"எழுநூத்து எழுபத்து மூணு பண்ணிப் பாரேன்" என்றான்.

அவள் மறுபடி எண்ணத் தொடங்கினாள். மாலைக்குள் எழுநூற்று எழுபத்து மூன்று ஆயிற்று. தபால்காரர் கிணற்றின் மறுகரையைக் கையால் பிடித்து, நழுவி, விழுந்தார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவள் தட்டை நகர்த்தி வைத்த சத்தம்தான் கேட்டது. கடைசியில் அவளே கேட்டாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. மீசை கனமா இருக்கா?"

இதுதான் சமயம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆனால் அன்று முழுக்கக் கட்டிய கோட்டையை ஒரே சொல்லில் இடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அதைவிட, அவனுக்கே அந்த எண்ணில் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

"கனம் எல்லாம் இல்லம்மா. அந்த அம்மா ஒரு ஒழுங்கோட கட்டியிருக்காங்க. அதுக்குள்ள நாம போகணும். அவ்வளவுதான்."

"கனம்னு சொல்லியிருந்தா முதல் நாளே கத்தரிச்சுக் குடுத்திருப்பேன். ஒழுங்கு, எண்ணுன்னு என்னைச் சுத்த விடுறீங்க."

"நீ அந்தப் புரோகிராமைப் படிச்சா இப்படிப் பேச மாட்ட."

"நான் படிக்கல. முடி எண்ணிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

வியாழக்கிழமை முந்நூற்று எழுபத்தேழு, பிறகு எழுபத்தேழு, பிறகு எழுபத்து மூன்று. தபால்காரர் விழுந்துகொண்டே இருந்தார். சாயங்காலம் முதலாளியே வந்து நின்றார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு மீசையில் முப்பத்தேழே முடியை மிச்சம் வைத்தாள். நாலு பேரை மிரட்டுகிற மீசை, பத்தாம் வகுப்புக்காரனின் அரும்பு மீசையாகிவிட்டது.

தவளை பொத்தானை அமுக்கினான். தபால்காரர் எழும்பினார். உச்சியில் ஒரு நொடி காற்றில் நின்றார். இறங்கினார். கிணறு பின்னால் போய்விட்டது.

பக்கத்தில் வைத்திருந்த பழைய கேம் பெட்டியில் பழைய தபால்காரரும் அதே நொடியில் இறங்கினார். பத்து முறை ஆடிப் பார்த்தான். பத்து முறையும் இரண்டு பேரும் ஒன்றாகவே எழும்பி ஒன்றாகவே இறங்கினார்கள். தவளைக்குக் கண் கலங்கியது.

"முப்பத்தேழு" என்றார் முதலாளி மெதுவாக.

"பாரம் குறைஞ்சுது, குதிக்குது" என்றாள் மனைவி. யாரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி, காலில் சத்தமில்லாத செருப்பு. கூடவே அவருடைய தம்பி அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வந்ததிலிருந்து தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டிருந்தார். அலுவலகம் முழுக்க எழுந்து சுவரோடு நின்றது. முதலாளி தாமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அம்மாள் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆடத் தொடங்கினார். முதல் கிணறு. இரண்டாவது. கூரை. நாய் குரைத்தது, முப்பத்தேழு முடியும் சிலிர்த்தது. தபால்காரர் நாயின் தலைக்கு மேல் எழும்பியபோது தவளை தன் மூச்சை எங்கோ மறந்து வைத்துவிட்டான். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. இந்த ஒரு மனுஷி ஆமாம் என்று சொன்னால் போதும்.

கட்டைவிரல் நின்றது. அம்மாள் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"இதுதான்" என்றார். "நான் போட்ட குதிப்பு இதேதான்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முதலாளிதான்.

"மீசையும் அளவா இருக்கு. யார் வரைஞ்சது?" என்றார் அம்மாள். மனைவி கையை உயர்த்தினாள். ஐந்து நாளில் முதல் முறையாக அவள் முகம் மலர்ந்தது. தவளையைப் பார்த்த பார்வையில்கூடப் பாதிக் கோபம்தான் மிச்சம் இருந்தது.

முதலாளி முன்னால் வந்தார். இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"மேடம், முழுப் புரோகிராமையும் மூணையும் ஏழையும் வச்சே கட்டியிருக்கீங்க. எங்களால அண்ணாந்து பாக்கத்தான் முடியுது. எப்படித் தோணுச்சு?"

அம்மாள் கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு அப்ப கைக்கு வந்தது அந்த ரெண்டும்தான். அதை வச்சுக்கிட்டே முடிச்சுடலாம்னு உக்காந்தேன்."

அறை முழுக்கப் பெருமூச்சு எழுந்தது. இதை வாசலில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று முதலாளி பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். பிறகு எல்லோரும் அம்மாளைச் சுற்றி நின்று போட்டோ எடுக்கப் போனார்கள்.

பழைய பெட்டிக்குப் பக்கத்தில் தம்பி மட்டும் தண்ணீர் டம்ளரோடு நின்றார். தவளைக்கு மனசு நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

"உங்க அக்கா சாதாரண ஆள் இல்ல சார்" என்றான். "ஒரு எண்ணைக்கூட அவங்க வீணா போடல. நாங்க மாத்திப் பாத்தோம், மொத்தமும் சரிஞ்சுது. அவங்க வழிக்கே திரும்பி வந்தோம், தானா நின்னுச்சு. மீசை முடியைக்கூட அந்த எண்ணுக்குத்தான் கொண்டுவந்தோம்."

மனைவி எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று அவன் கவனிக்கவில்லை. "இருநூத்தி இருபத்தேழு முடியை நான் கையால எண்ணிப் புடுங்கினேன்" என்றாள் தம்பியிடம்.

தம்பி டம்ளரை மேசை மேல் ஜாக்கிரதையாக, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தார். போட்டோ எடுக்கிற பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, இன்னிக்கு வரைக்கும் அவங்க எலி கடிச்சதுன்னுதான் நெனச்சுட்டிருக்காங்க. அவங்க அப்ப எழுதிட்டிருந்த கீபோர்டு மேல நான் டீயைக் கொட்டினதுக்கு அப்புறம் எண்ணுல மூணும் ஏழும் மட்டும்தான் அமுங்குச்சு."