கோவிந்தப்பன் வீட்டு வாக்கெடுப்பு

சட்டியில் நான்கு புளியங்கொட்டைகள் இருந்தன. ஐந்தாவதாக ஓர் அவரை விதை கிடந்தது.

"இதை யார் போட்டது?" என்றார் கோவிந்தப்பன்.

சாட்சிக்கு வந்திருந்த பக்கத்து நிலத்து நாராயணப்பன் கனைத்துக்கொண்டான்.

எழுபத்தெட்டாம் வருஷம். நாட்டின் பெரிய விஷயங்களை இனி ஜனங்களிடமே நேரடி ஓட்டுக்கு விடலாம் என்று பேப்பரில் பேச்சு. தளி சந்தையில் அதைக் கேட்ட கோவிந்தப்பன், "நாடு பூரா சாராயத்தை ஒழிக்கணுமான்னு கேக்கட்டும். என் வீட்டு அஞ்சு ஓட்டும் ஒரே குரல். இல்லேன்னா ஊர்க்கூட்டத்துல முன்னால உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மூன்று தலைமுறையாக அவர் வீட்டுக்கு இருந்த இடம் அது.

"இன்னிக்கே பார்த்துடலாம்ண்ணா" என்று நாராயணப்பன் கூடவே வந்துவிட்டான். ஒழிக்கணும் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் அவரை. ஒவ்வொருவராக உள்ளறைக்குப் போய் ரகசியமாகப் போட வேண்டும்.

"கை தவறியிருக்கும். சாமி படத்தைத் தொட்டுட்டு மறுபடி போடுங்க" என்றார் கோவிந்தப்பன்.

மனைவி நஞ்சம்மா, விதவைத் தங்கை கெம்பம்மா, மகன் திம்மராயன், மருமகள் முனிலட்சுமி, கடைசியாக அவர். வெளியே தூறல் விடவில்லை.

இந்த முறை அவரை மூன்று.

"ஏண்டா, ஓசூர் பாக்டரிக்குப் போனதும் குடி பழகிருச்சா?"

"ஐயோ, நான் டீயே குடிக்கறதில்லப்பா!"

"கெம்பம்மா, உன் புருஷனைக் கொண்டுபோனதே சாராயம்தானே. நீயுமா?"

"ரகசிய ஓட்டுன்னு நீதானேண்ணா சொன்னே?"

கோவிந்தப்பன் கண்ணை மூடிக்கொண்டார். சாராயம் எப்படியோ போகட்டும், வீட்டு மானம் நிற்க வேண்டும்.

"சரி. ஒரே குரல்ல 'வேண்டாம்'னே சொல்லுவோம். எல்லாரும் அவரையைப் போடுங்க. இது என் உத்தரவு."

ஐந்து பேரும் போட்டு முடித்ததும் நாராயணப்பன் சட்டியைக் கவிழ்த்தான். புளியங்கொட்டை நான்கு. அவரை ஒன்று. அது கோவிந்தப்பன் போட்டது.

"நாளைக்குக் கூட்டத்துல நீங்க பின்னால எங்கே உட்காருவீங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு நாராயணப்பன் குடையை எடுத்தான்.

கோவிந்தப்பன் தலைப்பாகையை மெதுவாக அவிழ்த்தார். "ஒழிக்கணுமா, வேண்டாமா? ஒரு முடிவைச் சொல்லித் தொலைங்களேன்!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமனார் எதிரே பேசியே அறியாத முனிலட்சுமி, தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"சாராயத்தைப் பத்தி யாருங்க மாமா ஓட்டுப் போட்டது? உங்களைப் பத்தித்தானே போட்டோம்."