முள் எட்டில் நின்ற நிச்சயதார்த்தம்

தவளக்குப்பம்

மரியாதைக்குரிய மச்சான் ஸாகிப் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அப்துல் மாலிக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அனைவரும் நலம், என்னைத் தவிர. போனில் பேசினால் உங்கள் தங்கச்சி ஜஹபர் நிஷா காதில் விழுந்துவிடும் என்பதால் கடிதம்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் கைநழுவிப் போய்விடும் போலிருக்கிறது. என் மகள் மரீஹாவின் நிச்சயதார்த்தத்துக்கு ரெட்டியார்பாளையம் மண்டபத்தில் கூரை முட்டப் பலூன் விட ஏற்பாடு செய்திருந்தேன். பலூன்காரர் ராஜ்கமல் ஹீலியம் டேங்கை இறக்கிவைத்து, அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்த்தார். இரண்டில் நின்றது. "பத்தாது பாய், வேற டேங்க் எடுத்தாந்துடறேன்"னு தேங்காய்த்திட்டுக்குப் போனவர் போனவர்தான். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம். பஞ்சர் கடை வெச்சிருக்கிறவன், காத்தடிக்க எனக்கா தெரியாது? நம்ம கம்ப்ரெஸரை வண்டியில எடுத்தாந்து மாட்டினேன். முள் ஜம்முன்னு எட்டுக்கு ஏறிச்சு. மரீஹா மருதாணிக் கையோட ஓடியாந்து, "அத்தா, முள்ளு மொத்தத்தைத்தான் காட்டும்! அதுல பலூனைத் தூக்கற ஹீலியம் அதே ரெண்டுதான், மீதி ஆறும் தூக்காத உங்க காத்து. ஒவ்வொரு வாயுவும் பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி தன் பங்குக்கு அழுத்தும். ரெண்டையும் கூட்டினாத்தான் எட்டு"ன்னா. அடுப்படியில உங்க தங்கச்சியும் எங்க அக்காவும் இருக்கிற மாதிரின்னு மனசுல நெனச்சுக்கிட்டு, "போம்மா, காத்தைப் பத்தி எனக்கா சொல்ற"ன்னு அத்தனையும் ஊதிட்டேன்.

மேலயும் போகல மச்சான், கீழயும் வரல. எல்லாப் பலூனும் சரியா மூஞ்சி உயரத்துல நின்னு எதிர்ல ஆள் தெரியாம மறைச்சுடுச்சு. பிரெஞ்சு பென்ஷன்கார சம்பந்தி "மெர்சி, மெர்சி"ன்னு பிரெஞ்சுல நன்றி சொல்லிக் கையை விரிச்சுக்கிட்டே போய்த் தூணைக் கட்டிப்பிடிச்சார். சம்பந்தியம்மா பொண்ணு வாயில சர்க்கரை போடறதா நெனச்சு பிரியாணி மாஸ்டர் வாயில போட்டாங்க. அந்த ஆளும் முழுங்கிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதக் கையேந்தினார், ஒரு பலூன் மெதுவா வந்து அதுல உக்காந்துச்சு. ஆமீன் சொல்ல வேண்டிய சனம் மொத்தமும் சிரிச்சுது. கிளம்பும்போது சம்பந்தி ஒரு வார்த்தை பேசல.

ஆகவே, தாங்கள் உடனே அவரிடம் பேசி, தவறு முழுக்கப் பலூன்காரருடையது என்று அடித்துச் சொல்ல வேண்டும். வீட்டில் மச்சிக்கு என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் சம்பந்திக்கு மறதியையும் தருவானாக.

இப்படிக்கு,
அப்துல் மாலிக்

பி.கு.: கவரை ஒட்டப்போகையில் மாப்பிள்ளை அஃப்னான் போன் பண்ணிட்டார். சம்பந்தி பேசாமப் போனது கோபத்துல இல்லையாம், தூண்ல மோதி பல்செட்டு ஆடிப்போச்சாம். கல்யாணத்துக்கும் அதே பலூன்தான் வேணுமாம்! அத்தனை பெரியவங்க நடுவுல அவரும் மரீஹாவும் பலூன் மறைவுல நிம்மதியாப் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். நீங்க யார்கிட்டயும் எதுவும் பேசித் தொலைக்காதீங்க. மரீஹா பக்கத்துலயே நின்னு சொல்றா: "முள்ளு எட்டுதான் அத்தா. ஒம்பது வெச்சீங்கன்னா காத்து கூடிப் பலூன் தரைக்கு வந்துடும், எங்க மூஞ்சி தெரிஞ்சிடும்."