துப்புசாமியும் கஞ்சி போட்ட வேட்டிகளும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் வாய் என்று ஒன்று உள்ள எந்த ஜீவனும், அந்தக் காலத்தில், துப்புசாமியின் கண்ணாடிக் குழாயில் ஒரு தடவையாவது துப்பாமல் தப்பித்ததில்லை. போஸ்ட்மேன் துப்பியிருக்கிறார். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் துப்பியிருக்கிறார். மாட்டுச் சந்தைக்கு வந்த காளை ஒன்று, தனக்கு விருப்பமில்லை என்பதைக் கொம்பால் தெரிவித்துவிட்டு, கடைசியில் துப்பியிருக்கிறது. துப்ப மாட்டேன் என்று கடைசிவரை நின்ற ஒரே மனிதர் துப்புசாமியைப் பெற்ற அப்பாதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் பக்கத்துக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம், இப்போதும் கூப்பிட்டு விசாரித்தாலும் விசாரிப்பார்கள். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஓர் அரிசி மண்டிக்கு மேலே எனக்கு அறை. ஒருநாள் சாயங்காலம் ஒரு டிரங்குப் பெட்டியும், வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் சொருகிய மரச்சட்டமுமாக ஒருவன் உள்ளே வந்தான். ஒல்லி உடம்பு, எண்ணெய் வழியும் தலை. பெயர் சொல்லவில்லை. ஊர் சொல்லவில்லை. ஒரு குழாயை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பங்காளி, சித்த இதுல துப்புங்க."

"என்னது?"

"எச்சலுங்க. காறித் துப்பீராதீங்க, அது ஆகாது. நாக்குக்கு அடியில தானா ஊறும் பாருங்க, அத மட்டும் உடுங்க."

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடலாம் என்றால் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறான். பைத்தியத்தைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று துப்பினேன். முன்பின் தெரியாத ஆளுக்கு எச்சில் தானம் செய்துதான் எங்கள் நட்பு தொடங்கியது என்பதை என் வீட்டில் இன்றுவரை நான் சொன்னதில்லை.

அதன்பிறகு அவன் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு குழாயில் சோற்றுக் கஞ்சி. அதில் அயோடின் இரண்டு சொட்டு விட்டான். கஞ்சி மசியைப் போலக் கருநீலமாகிவிட்டது. என் எச்சிலை அதில் ஊற்றினான். சட்டைப் பொத்தானைக் கழற்றி, குழாயைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

"அங்க எதுக்குங்க?" என்றேன்.

"என்சைமுக்கு ஒடம்புச் சூடு வேணுமுங்க. ரொம்பச் சுட்டாலும் செத்துரும், குளுந்தாலும் தூங்கிரும். லேப்ல இருக்கற சூட்டுப்பொட்டி ரிப்பேரு."

கொஞ்ச நேரம் கழித்து அக்குளிலிருந்து குழாயை எடுத்தான். கருநீலம் ஊதாவாகி, பழுப்பாகி, பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிந்து நின்றது. என் வாயிலிருந்து போனதுதான் இந்த வேலையைச் செய்தது என்பதை நம்ப முடியவில்லை.

"அமைலேஸ். உங்க எச்சல்ல இருக்கற என்சைம். மாவை அறுத்துச் சக்கரையாக்கிப் போடும். மாவு போனா நீலமும் போச்சு. அவ்வளவுதான்."

அன்று ராத்திரி மெஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துக் கொடுத்தான். "குழம்பு ஊத்தாதீங்க. மெல்லுங்க. முழுங்கிராதீங்க. மென்னுக்கிட்டே இருங்க." மென்றேன். தாடை வலித்தது. திடீரென்று நாக்கில் ஒரு தித்திப்பு.

"இனிக்குதா?"

"இனிக்குதுங்க!"

அவன் முகம் பூத்ததே, அந்தச் சோற்றை அவனே விளைவித்த மாதிரி. அன்றிலிருந்து தினமும் மெஸ்ஸில் இதே கேள்வி. பதில் சொல்லாவிட்டால் சாம்பார் வாளியைத் தள்ளி வைத்துவிடுவான்.

எங்கள் கல்லூரியிலேயே ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்து என் அறையில் தங்கிவிட்ட அவனுடைய ஆராய்ச்சி இதுதான்: ராகிக் களி தின்கிறவர்கள், அரிசிச் சோறு தின்கிறவர்கள், வெற்றிலை போடுகிறவர்கள், யாருடைய எச்சில் மாவைச் சீக்கிரம் அறுக்கிறது? இதற்கு ஊர் ஊராக எச்சில் வேண்டும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவன் வரிசையாக ஆட்களை நிற்க வைத்துத் துப்பச் சொன்னதைப் பார்த்து அவனுடைய மலையாளிப் பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "எடோ, இது லேபாணோ, கோளாம்பியாணோ?" என்று, ஆய்வுக்கூடமா எச்சில் படிக்கமா எனக் கேட்டு அவர் கத்தியது அடுத்த கட்டிடம் வரைக்கும் கேட்டது. ஆனால் பயல் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு மறுநாள் அவரே குழாயை வாங்கித் துப்பினார்.

ஊருக்குள் போனதுதான் விபரீதம். எமர்ஜென்சிக் காலம். குடும்பக் கட்டுப்பாட்டு ஆட்கள் ஆம்பளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று எல்லைப் பக்கமெல்லாம் பேச்சு. அந்த நேரம் பார்த்து இவன் கழுத்தில் துணிப்பை, கையில் கண்ணாடிக் குழாயோடு ஒரு தோட்டத்துக்குள் நுழைந்து, "ஏனுங், ஆம்பளைங்க யாராச்சும் இருக்கறீங்களா? வலிக்காதுங்க, சித்த நேரந்தான்!" என்று குரல் கொடுத்தான். நானும் கூட இருந்தேன். நிலக்கடலைக் காட்டுக்குள் அத்தனை வேட்டிகள் அத்தனை வேகத்தில் ஓடியதை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பொள்ளாச்சி பஸ்ஸில் நடந்தது அதைவிட மோசம். கண்டக்டர் நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். துப்புசாமிக்குக் கண் பளபளத்தது. எச்சில் பட்ட டிக்கெட்டை அப்படியே கஞ்சிக் குழாயில் போட்டு, அயோடினை விட்டு, அக்குளில் வைத்துக்கொண்டான். அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார்.

"டிக்கெட்?"

இவன் பொத்தானைக் கழற்றி, அக்குளுக்குள் கையை விட்டு, நீலக் கூழாக இருந்த குழாயை எடுத்து நீட்டினான். "இதுலதானுங்க இருக்குது. ஊறீட்டிருக்குது."

இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னால் போய்ப் பாட்டி ஒருத்தியின் கோழிக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர்தான் காப்பாற்றினார். "உட்டுருங்க சார். நம்ம துப்புசாமிங்க. போன வாரம் நானே துப்பிக் குடுத்தனுங்க."

இந்தப் புகழெல்லாம் அவன் ஊரான பெருமாட்டிக்குப் போய்ச் சேராமல் இருக்குமா? அங்கேதான் அவனுடைய அப்பா. தென்னந்தோப்பு, வயல், ஊரில் நல்ல பேர் எல்லாம் உள்ள மனிதர். அவருடைய கௌரவம் முழுவதும் வேட்டியில் இருந்தது. வண்ணார் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வேட்டி, அவர் அவிழ்த்து வைத்தாலும் தானாக நிற்கும் போல இருக்கும். ஒருநாள் அந்த வேட்டி மொடமொடவென்று எங்கள் மாடிப்படி ஏறி வந்தது.

"ஊட்டு ஊட்டுக்குப் போயி எச்ச கேக்கறயாமா? சந்தையில தலை காட்ட முடியலீடா! 'உங்க பையன் எங்கூட்டுக்கு வந்து துப்பச் சொன்னானுங்க'ங்கறானுங்க. நான் என்ன பதில் சொல்றது?"

"அப்பா, நீங்களும் ஒருக்கா…" என்று துப்புசாமி குழாயை எடுத்தான். பெற்றவரிடமே கேட்டான், படுபாவி!

அவர் குழாயைப் பார்த்த பார்வையில் அது உருகியிருக்க வேண்டும். பிறகு நிதானமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம். நல்ல இடம். அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால் ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளலாம். "'துப்புங்க'ன்னு ஒரு வார்த்தை உன்ற வாயில வந்துச்சு, அன்னிக்கே படிப்பு முடிஞ்சுது. தோப்புக்கு வந்து தண்ணி கட்டு."

துப்புசாமியின் முகம் செத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் முடியவேண்டிய வேலை. அவன் தலையை ஆட்டினான். அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் கூட வாங்க. இவன் வாயை நீங்கதான் பாத்துக்கோணும்."

வெள்ளிக்கிழமை காலையில் அவனை நான் போலீஸ்காரன் மாதிரி சோதனை போட்டேன். சட்டைப் பை, துணிப்பை, மடி, அக்குள் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. "கும்புடறனுங்க, இன்னிக்கு மட்டும் மனுசனா இருங்க" என்றேன். "எனக்கு ஆராய்ச்சி முக்கியமுங்க பங்காளி. வாயே தொறக்க மாட்டேன்" என்றான். வேட்டிக்கு உள்ளே போட்டிருந்த பட்டாபட்டி அண்டிராயருக்கும் பை உண்டு என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

பெண் வீட்டில் கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, அத்தனையும் கஞ்சி போட்டது. ஒரு பெஞ்சில் பெண்ணின் அப்பா, நடுவில் துப்புசாமி, அந்தப் பக்கம் அவன் அப்பா. கச்சாயமும் முறுக்கும் வந்தன. துப்புசாமி மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். "மாப்பளைக்குப் பல்லு நோவுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. நான் பெருமூச்சு விட்டேன்.

பெண் காப்பித் தட்டோடு வந்தாள். பக்கத்துச் சித்தூர்க் கல்லூரியில் ப்ரீ டிகிரி முடித்தவள் என்று அறிமுகப்படுத்தினார்கள். துப்புசாமி நிமிர்ந்து பார்த்து, நெளிந்து, தொடையைத் தடவினான். வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அது வெட்கம் இல்லை. அண்டிராயர் பையில் இருந்த அயோடின் புட்டியின் கார்க் கழன்று, தொடை எரிய ஆரம்பித்திருக்கிறது. பொறுக்க முடியாமல் "ஆத்தா!" என்று எகிறிக் குதித்துப் புட்டியை வெளியே இழுத்தான். மிச்சமிருந்தது இரண்டு பக்கமும் தெறித்தது.

அய்யோ, அந்தக் காட்சி! இரண்டு சம்பந்திகளின் பால் வெள்ளை வேட்டியிலும் எல்லோரும் பார்க்கப் பார்க்கக் கருநீலம் பூத்துப் பரவியது. கஞ்சி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கருப்பு. மாப்பிள்ளையின் வேட்டி பாதிக்கு மேல் கருத்துவிட்டது.

"நல்ல காரியத்துல கருப்பா! சகுனமே செரியில்ல, எந்திரிங்க!" என்று ஓர் அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். "சாயமா? மசியா?" என்று நாலு பேர் கூவினார்கள். ஒருவர் சொம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். கறை ஈரமானதே தவிர அசையவில்லை. துப்புசாமியின் அப்பா எழுந்து நின்றார். "போச்சுடா. மானம் போச்சு. நாளைக்குக் காலையில நீ தோப்புல இருக்கோணும்."

துப்புசாமி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. இந்தக் கறை எதனால் போகும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதைச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதைச் சொன்னால் ஆராய்ச்சி போச்சு, சொல்லாவிட்டால் சம்பந்தம் போச்சு. அவன் உதடு குவிந்தது, மூடியது. கண்ணில் தண்ணீர் கோத்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் காப்பித் தட்டைக் கீழே வைத்தாள்.

"இது அயோடினுங்களா?" என்று அவனிடம் நேராகவே கேட்டாள். அவன் தலையாட்டினான். "வேட்டியில சோத்துக் கஞ்சிதானுங்க? நாங்க ப்ரீ டிகிரில பண்ணியிருக்கறமுங்க" என்றவள், யாரும் தடுப்பதற்குள் உள்ளங்கையில் துப்பினாள். குனிந்தாள். வருங்கால மாமனாரின் வேட்டிக் கறையில் அதைத் தடவித் தேய்த்தாள்!

பெண்ணின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர் மேல் பெண் எச்சில் தடவுவதை எந்த ஊரில் கண்டது? துப்புசாமி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேய்த்த இடம் ஊதாவானது. சித்த நேரத்தில் அதுவும் கலைந்து, இளம் பழுப்பாக வெளுத்தது. "பங்காளீ!" என்று அவன் வீறிட்டான். "இந்த வேகம் நான் எங்கயுமே பாத்ததில்லீங்க!"

அவன் அப்பா வேட்டியைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். நாங்கள் அடிக்குத் தயாராக நின்றோம்.

"அம்மிணி," என்றார், "இந்தக் கிறுக்கன் படிச்சு முடிக்கோணுமா, தோப்புக்கு வரோணுமா? நீயே சொல்லிப்போடு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "இன்னும் கொஞ்சம் பழுப்பு நிக்குதுங்க மாமா. அது எப்பிடிப் போகும்னு அவரு படிச்சுட்டு வந்து சொல்லட்டுமுங்க."

முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு கூடமே சிரித்தது. சகுனம் பார்த்த அத்தைகூட முறுக்கை எடுத்துக் கடித்தாள். துப்புசாமி ஆராய்ச்சியை முடித்தான். பேராசிரியர் கையெழுத்துப் போட்ட மாதமே கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் அவன் அப்பா மணமேடைக்கு வந்து, வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பி, நன்றாகக் கொப்பளித்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கடா உன்ற குழாயி?" என்றார். இவன் பட்டு வேட்டிக்குள் கையை விட்டு அண்டிராயர் பையிலிருந்து எடுத்தான். அப்பா அதில் துப்பினார், இவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

அடுத்த வாரம் டிரங்குப் பெட்டியும் மரச்சட்டமும் அறையிலிருந்து போயின. அன்று ராத்திரி மெஸ்ஸில் எனக்கு எதிர் நாற்காலி காலி. நிம்மதியாகச் சாம்பாரை ஊற்றிக்கொள்ளலாம் என்று வாளியை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துப் போட்டு, தாடை வலிக்க வலிக்க மென்றேன்.

இனித்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.